தோள்மேல் நின்ற அம்பு

சுண்டுவிரலை அழிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

செங்கல்வராயன் ஸ்டூலில் குந்தியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மவுஸை நகர்த்தினார். மண்வெட்டிப் பிடியில் காய்த்துப்போன கை. சித்தூர் – திருப்பதி ரோட்டை அகலப்படுத்திய காலத்தில் ஜல்லியும் தாரும் அள்ளிய கை. அதற்கு மெல்ல என்றால் என்னவென்று தெரியாது. கொஞ்சம் அழுத்திவிட்டால் அம்பு துள்ளிக்கொண்டு ருக்மணியின் கன்னத்துக்குப் போய்விடுகிறது.

திரையில் பெயிண்ட் திறந்திருந்தது. அதற்குள் ருக்மணி சிரித்துக்கொண்டிருந்தாள். மாம்பழக் கலர் புடவை, மகனை விமானம் ஏற்றச் சென்னைக்குப் போன அன்றைக்குக் கட்டியது. அவள் தோள்மேல் ஒரு கை கிடந்தது. கை மட்டும்தான். அந்தக் கைக்குச் சொந்தக்காரனைக் கொஞ்சம் முன்னால்தான் கட்டம் போட்டு வெட்டித் தள்ளியிருந்தார். பெற்ற பிள்ளையை வெட்டுவது ஒரு சொடக்கில் முடிந்துவிட்டது. விரல்கள்தான் போகமாட்டேன் என்று புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

ருக்மணி தனியாக இருக்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ரேஷன் கார்டில் இருப்பது யாரோ மாதிரி இருக்கும். இது ஒன்றுதான் அவள் முகமாக இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறவன் கையை, மாலை போடப்போகும் படத்தில் விட்டுவைக்கலாமா? அதுவும் சனிக்கிழமைச் சாவில்?

புடவையின் நிறத்தைத் தொட்டு எடுத்து, பொத்தானை விடாமல், ஒரு விரலுக்கு ஒரே இழுப்பாகப் பூசிக்கொண்டு வந்தார். கட்டைவிரல் போயிற்று. ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் எல்லாம் போயின. கடைசியில் சுண்டுவிரல். இரண்டு தடவை தப்பிப்போனதைத் திருப்பிவிட்டு, மூன்றாவது முயற்சியில் அதுவும் மஞ்சளுக்குள் முழுகியது.

வெளியே பந்தலுக்கு அடியில், பெஞ்சின்மேல், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி அதே ருக்மணியைப் படுக்க வைத்திருந்தார்கள். விடியற்காலையில் குழாயடிக்குப் போனவள். குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். குடம் நிரம்பி வழிந்து, புடவையெல்லாம் நனைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று திட்ட வந்தவள்தான் முதலில் கத்தினாள்.

அடுத்தது எழுத்து. புத்தலப்பட்டு கூட்டு ரோட்டில் பிளெக்ஸ் போடுகிறவன் தெலுங்குக்காரன், தமிழ் எழுத்து தெரியாதவன். "அரவம் நாகு ராது. எழுத்தை நீயே அடிச்சிக் கொண்டாந்துடு," என்று போனில் சொல்லிவிட்டான். செங்கல்வராயன் படத்துக்குக் கீழே ஒரு கட்டம் இழுத்தார். ருக்மணி என்று அடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பெயரை எத்தனையோ தடவை அடித்திருக்கிறார். "எம்பேரைப் போடு, பாக்கலாம்" என்று பக்கத்தில் வந்து நிற்பாள். எழுத்து வாசனை இல்லாதவள், தன் பெயர் வந்ததும் அதன்மேல் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள்.

கீழே மறைவு என்று அடிக்க வேண்டும். நாற்பது வயதுக்குமேல் ஞானசிங் வாத்தியாரின் முதியோர் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டியவர் அவர். தார் என்று எழுதினார், ஜல்லி என்று எழுதினார், மகன் பெயர் எழுதினார். இந்தச் சொல்லை எழுத இதுவரைக்கும் வேலை வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார். அடித்து முடித்துப் பார்த்தபோது, வேறு யாரோ வந்து எழுதிவிட்டுப் போனது போல இருந்தது.

"செங்கா." பின்னால் அண்ணி பொன்னியம்மா நின்றிருந்தாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. "பையனுக்குச் சொல்லிட்டியா?"

அவர் திரையிலிருந்து திரும்பவில்லை.

"உன்னைத்தான் கேட்டுக்கினு கீறேன். சொல்லிட்டியா இல்லியா?"

"இல்ல அண்ணி."

"அடப்பாவி! பெத்தவ செத்துக் கெடக்கறா. ஒத்தைக்கொரு புள்ள. மண்ணு போட வேணாமா அவன்? நாளைக்கி வந்து ஏன் நைனா சொல்லலன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"உசுரோட வந்து கேக்கட்டும். அப்ப சொல்லிக்கிறேன்."

அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று பொன்னியம்மாவுக்கும் தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

செங்கல்வராயனின் அப்பா செத்தது ஒரு சனிக்கிழமை. பஞ்சகாலம். பாடையில் கட்ட ஊரில் ஒரு கோழிக்குஞ்சு அகப்படவில்லை, வெறும் பாடையாகத் தூக்கிவிட்டார்கள். சனிப்பொணம் தனிப்போகாது என்பார்கள். கருமாதிக்குள் இவருடைய கடைசித் தம்பி போய்விட்டான். கிணறு வெட்டிய இடத்தில் கல் சரிந்தது என்று சொன்னார்கள். கல் ஏன் அன்றைக்குச் சரிய வேண்டும்?

கிரண்குமார் இருப்பது அமெரிக்காவில் பனி கொட்டுகிற ஊர். போன வருஷம் இதே மாதத்தில் அவன் கார் பனியில் வழுக்கி, ரோட்டைவிட்டு இறங்கி ஒரு மரத்தடியில் போய் நின்றது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. ருக்மணி திருப்பதிக்கு நடந்தே போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள். அவன் இருக்கிற ஊரிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போக நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அம்மா செத்தாள் என்று காதில் விழுந்தால் அவன் உட்கார்ந்து யோசிக்க மாட்டான். ராத்திரியென்றும் பார்க்க மாட்டான், பனியென்றும் பார்க்க மாட்டான். ருக்மணிக்குப் பிறந்தவன்.

மண் விழட்டும். பொழுது சாயட்டும். அந்த ஊரிலும் இந்தச் சனிக்கிழமை கழியட்டும். அதற்கப்புறம் சொல்லலாம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார்.

இந்தக் கம்ப்யூட்டரைக் கிரண் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிக் கொடுத்தான். பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தான். ஊரே வந்து பார்த்தது. முதல் நாள் திரையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தான். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கூம்புக்கு வந்ததும் செங்கல்வராயன் துள்ளிவிட்டார்.

"டேய், இது நம்ம ரோட்டு கூம்புடா! பாகால கிட்ட தார் போடறப்ப நாந்தான் தெனம் எடுத்து வெப்பேன். இது எங்கடா இதுக்குள்ள வந்துது?"

"இதைத் தொட்டா சினிமா ஓடும் நைனா."

"ரோட்டுல இதை வெச்சா வண்டி நிக்கும். இங்க ஓடுமா?" அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.

ருக்மணிக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் படங்களை வைத்து அவரைவிடச் சீக்கிரமாகப் பழகிவிட்டாள். மின்னல் படத்தைத் தொட்டால் பாட்டு. சீட்டுக்கட்டு படத்தைத் தொட்டால் ஒண்டியாகவே ஆடலாம். ஒரே ஒருமுறை ஜெயித்தாள். சீட்டுகள் எல்லாம் பந்து மாதிரி குதித்துக் குதித்து விழுந்தபோது, தெருவில் போன மோர்க்காரியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினாள். நீல மேகம் என்றால் ஸ்கைப். அதைத் தொட்டால் மகன். சனிக்கிழமை காலையில் மேகத்துக்கு முன்னால் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்துவிடுவாள். அவனுக்கு அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி.

செங்கல்வராயனுக்குப் பிடித்தது பெயிண்ட்தான். அதிலும் அந்த அண்டூ. தப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டால், அண்டூ என்றதும் இழுக்காதது போல ஆகிவிடுகிறது. தார் ரோட்டில் ஏது அப்படி? கொட்டினால் கொட்டினதுதான். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மூன்று தடவைதான் திரும்பும். நாலாவது தடவை என்ன அமுக்கினாலும் அசையாது. "மூணு மட்டும் மன்னிக்குது பாரு, மேஸ்திரியைவிடத் தேவலாம்," என்பார்.

அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். இரண்டு பக்கமும் அம்பு போட்ட நீலப்படம். ஏதாவது கெட்டுப்போனால் அமெரிக்காவிலிருந்தே உள்ளே வந்து சரிசெய்ய வேண்டும் என்று மகன் வைத்துவிட்டுப் போனது. முதல்முறை, யாரும் தொடாமலேயே அம்பு திரையில் நகர்ந்தபோது ருக்மணி வேப்பிலை ஒடிக்க ஓடினாள். அப்புறம் விஷயம் தெரிந்தது. அம்பு அசைந்தால் போதும், "எம்புள்ள வந்துட்டான்" என்று ஓடிவந்து, கண்ணாடிமேல் அந்த அம்பு இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொள்வாள். அம்பு போகும் பக்கமெல்லாம் விரலும் போகும். "கையப் புடிச்சிக்கினேன்டா," என்பாள். "கண்ணாடி அழுக்காவுது, எடும்மா," என்பான் அவன்.

மேசைக்கு அடியில் கறுப்பாக இருக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். கரண்ட் போனால் அது கீச், கீச் என்று கத்தும். "உன் கோழிக்குஞ்சு கத்துது, போயி அணை," என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

வாசலில் ஏதோ சலசலப்பு. செங்கல்வராயன் எழுந்து சன்னல் பக்கம் போனார். அண்ணன் ரங்கையா டி.வி.எஸ். வண்டியிலிருந்து இறங்கி, மடியை அவிழ்த்து ஒரு குஞ்சை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். பண்ணையில் வாங்கிய வெள்ளைக் குஞ்சு. கொழுகொழுவென்று இருந்தது.

"இன்னாது இது?" என்றாள் பொன்னியம்மா.

"குஞ்சு."

"தெரியுது. பாரத்துக் குஞ்சா?"

"ஊரெல்லாம் தேடிட்டேன். எவன் வூட்ல இப்ப அடை வெக்கிறான்? எல்லாம் பாரத்துக் கோழிய வாங்கித் துன்னுக்கினு கீறானுங்க. நாட்டுக் குஞ்சுக்கு நான் எங்க போறது?"

"மிஷின்ல பொறிச்சது இது. தாய் மூஞ்சியே பாக்காத ஜென்மம். இது போயி அவளுக்குத் துணையா நிக்குமா?"

"குஞ்சு குஞ்சுதான்டி. எமன் இன்னா ரேஷன் கார்டா கேப்பான்?"

மேளக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. பாரு, அதுக்குக் கத்தக்கூடத் தெரியல. வந்ததுலர்ந்து ஒரு சத்தம் உண்டா? நாட்டுக் குஞ்சுன்னா இந்நேரம் தெருவையே கூட்டியிருக்கும். தாய் இருந்தாத்தானே கத்தணும்னு தோணும்?"

ரங்கையா பாடையின் தலைமாட்டுக் காலில் குஞ்சைக் கட்டினார். அது கட்டிய இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. கண்ணை மூடித் திறந்தது. கத்தவில்லை.

செங்கல்வராயன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்குக்கு ஒரு குஞ்சு கட்டியாயிற்று. கணக்கில் சேருமா என்று யாரைப் போய்க் கேட்பது?

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குளத்துத் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல, குமிழ் குமிழாய் ஒரு சத்தம்.

நீல மேகம்.

படத்தை வெட்டுகிற அவசரத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டால் மேகம் தானாக விழித்துக்கொள்ளும். இங்கே விழித்தால் அங்கே பச்சை எரியும். அம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று மகன் கூப்பிடுகிறான்.

பொன்னியம்மா உள்ளே ஓடிவந்தாள். "எடு. எடுத்துச் சொல்லிடு. சாமியே கூப்ட்டு வுட்டுக்கீது."

"எடுக்காத, அணைச்சிடுடா," என்று சன்னலுக்கு வெளியிலிருந்து ரங்கையா சொன்னார்.

எடுக்காவிட்டால் விடமாட்டான். ஊரில் பத்துப் பேருக்குப் போன் போடுவான். ஒருத்தனாவது உளறுவான். செங்கல்வராயன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவின்மேல் போட்டார். சன்னல் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார். ரங்கையா புரிந்துகொண்டு மேளக்காரர்களை அடக்கினார். பெண்களின் ஒப்பாரி பாதியிலேயே அறுந்தது. யாரோ ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். இவ்வளவு பேர் கூடிய சாவு வீட்டில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது.

மேகத்தைத் தொட்டார்.

"நைனா!" கிரண்குமார் வந்துவிட்டான். கம்பளிக் குல்லாய். பின்னால் சன்னலில் வெள்ளை வெள்ளையாக எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னா இருட்டா கீது? நீ தெரியல."

"கேமரா ரிப்பேருப்பா."

"அம்மா எங்க?"

"தூங்குது."

"தூங்குதா? இந்நேரத்துலயா?"

"ராத்திரி கொஞ்சம் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கினு படுத்துக்கீது. எழுப்ப வேணாம்னு வுட்டுட்டேன். நீ துன்னியா?"

"துன்னேன். இங்க காலையிலர்ந்து பனி. கதவைத் திறக்க முடியல. ரோட்டுல வண்டியே இல்ல."

"நீ வெளிய போவாத."

"எங்கயும் போவல. நைனா, உன் குரல் ஏன் இப்பிடி கீது?"

"எனக்கும் சளிதான்."

பின்னால் பொன்னியம்மா விம்மலை அடக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். குல்லாய்க்குக் கீழே கண்கள் கொஞ்சம் சுருங்கின. "யாரு அது?"

"பெரிம்மா வந்துக்கீது."

"பெரிம்மாவா? சரி. இரு, கேமராவ நான் உள்ள வந்து பாக்கறேன்."

"வேணாம்டா."

"ஒரு நிமிஷம் நைனா. செட்டிங்கு மாறியிருக்கும்."

"வேணாம்னு சொல்றேன் இல்ல!"

ஆனால் அம்பு அசைந்துவிட்டது. செங்கல்வராயன் மவுஸைப் பிடித்து இழுத்தார். அம்பு அவர் பக்கம் கொஞ்சம் வந்து, திரும்ப அந்தப் பக்கம் போனது. ஒரே அம்பை அப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"மவுஸை வுடு நைனா, நீ புடிச்சா எனக்கு வராது," என்றான் சிரித்துக்கொண்டே.

பேசுகிற கட்டத்தை அவன் கீழே அமுக்கினான். அவன் முகம் சுருங்கித் திரையின் அடியில் போய் ஒளிந்தது. முகம் இருந்த இடத்தில் ருக்மணி சிரித்துக்கொண்டு நின்றாள். தனியாக. மாம்பழக் கலர் புடவையில். கீழே அவள் பெயர். பெயருக்குக் கீழே அந்தச் சொல்.

அம்பு நின்றது.

செங்கல்வராயனின் கை மவுஸிலிருந்து தானாக நழுவியது. ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவன் போய்விட்டானோ, லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தார். அப்படி இருந்தால் நல்லது என்றும் நினைத்தார்.

பிறகு அம்பு மெல்ல நகர்ந்தது. ருக்மணியின் தோள்மேல் வந்தது. கை இருந்த இடத்தில், மஞ்சள் கொஞ்சம் திட்டுத்திட்டாகத் தெரியும் இடத்தில், அப்படியும் இப்படியும் தேடியது. தேடிவிட்டு மேலே போனது. அண்டூவைத் தொட்டது.

ருக்மணி என்ற பெயரும் அதன் கீழிருந்த சொல்லும் ஒன்றாக மறைந்தன.

மறுபடி தொட்டது. சுண்டுவிரல் வந்தது.

மறுபடி. மோதிர விரல் வந்தது.

மறுபடி தொட்டது. ஒன்றும் வரவில்லை. அம்பு இன்னொரு தடவை அமுக்கியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. படம் அசையாமல் இருந்தது. அவள் தோளில் இரண்டே விரல்கள், எங்கிருந்தோ தொங்குவது போல நின்றன.

"மூணுதான்டா," என்றார் செங்கல்வராயன். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அதுக்கு மேல வராது."

அம்பு இறங்கி அந்த இரண்டு விரல்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவர் வலது கையைத் தூக்கி, கண்ணாடிமேல் அம்பு இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். அவள் வைப்பது போலவே. கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

"எப்போ நைனா?"

"வெடியக்காத்தால. கொழாயாண்ட. ஒரு கஷ்டமும் படல. குந்தினவதான்."

"ஏன் சொல்லல?"

தம்பியைச் சொல்லலாம். கல்லைச் சொல்லலாம். பாடையில் கத்தத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் குஞ்சைச் சொல்லலாம். அமெரிக்காவில் இன்ஜினீயராக இருக்கிற பிள்ளையிடம் அதையெல்லாம் எந்த வாயால் சொல்வது?

"அம்மாவ எடுத்துடாதீங்க," என்றான் அவன். "நான் கெளம்பறேன்."

"வேணாம்டா."

"இப்பவே கெளம்பறேன். ஏர்போர்ட்டுக்குப் போயிட்டா எதனா பிளைட்டு கெடைக்கும்."

"கிரணு, கேளுப்பா. ராத்திரி நேரம். பனி கொட்டுதுன்னு நீதான் சொன்ன. பெரிநைனா மண்ணு போட்டுடுவாரு, நீ கருமாதிக்கு வா. இன்னிக்கி வண்டிய எடுக்காத. உங்கம்மா சத்தியமா சொல்றேன், இன்னிக்கி மட்டும்..."

"எடுத்துடாதீங்க நைனா."

டொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செங்கல்வராயன் கீழே ஒளிந்திருந்த கட்டத்தைத் தேடவில்லை. மவுஸைத் தொட்டால்தானே தேட முடியும். திரையின் ஓரத்தில் மகன் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சை, சாம்பல் நிறமாகியிருந்தது.

வெளியே யாரும் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. அழலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கையா வாசற்படியில் வந்து நின்றார்.

"இன்னா சொன்னான்?"

"கெளம்பிட்டான்."

ரங்கையா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். "வெச்சிருக்கலாமா, தூக்கிடலாமா?" என்று கேட்டார். அண்ணன் தன்னைத்தான் கேட்கிறார் என்று செங்கல்வராயனுக்கு உறைக்கவில்லை.

"போன் பண்ணி நிறுத்துடா," என்றார் அண்ணன்.

பொன்னியம்மா செல்போனை எடுத்து அந்த நீளமான எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். மறுபடி போட்டாள். இங்கிலீஷில் ஒரு பெண் பேசினாள், என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. "எடுக்கல," என்றாள். "வண்டி ஓட்டிக்கினு இருப்பான்."

சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

பொன்னியம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று, மேசைமேல் இருந்த எண்ணெய்ச் சீசாவை எடுக்க வந்தாள். மவுஸ் வழியில் இருந்தது. அதை ஒதுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத அண்ணி!"

அவர் போட்ட கூச்சலில் அவள் இரண்டடி பின்னால் போனாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை.

"இன்னாடா அது?"

"அப்பிடியே இருக்கட்டும்."

அம்பு ருக்மணியின் தோள்மேல், மகன் விட்டுவிட்டுப் போன இடத்தில் இருந்தது. இரண்டு விரல்களுக்கு மூன்றாவதாக.

மேலே ஓடிக்கொண்டிருந்த காற்றாடி சுற்றுவதைக் குறைத்தது. குறைந்து, முனகி, நின்றது. காலை கரண்ட் கட். சனிக்கிழமையென்று அதற்குத் தெரியுமா? திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மேசைக்கு அடியில் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது.

கீச்.

அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். புது பேட்டரி போட வேண்டும் என்று ருக்மணி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் மவுஸைத் தொடவில்லை. ஸ்டூலில் உட்காரவும் இல்லை. கண்ணை எடுக்காமல் திரைக்கு முன்னால் நின்றார்.

கீச்.

வெளியே, பாடையின் தலைமாட்டில், வந்ததிலிருந்து வாய் திறக்காத வெள்ளைக் குஞ்சு தலையைத் தூக்கியது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பியது. கட்டிய கயிறு இழுபடும் வரைக்கும் வீட்டுக்குள்ளே பார்த்து எழுந்து நின்று, பதில் கொடுத்தது.